சைலன்சர் சிவந்த அன்று

அந்த நாற்றுப்பண்ணை முதலாளிக்கு அவர் காதில் விழாத ஒரு பெயர் உண்டு: அவசரம். விதை போட்ட மறுநாளே மண்ணைக் கிளறி முளை விட்டதா என்று பார்க்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கோபமும் அப்படித்தான், மூக்கு நுனியிலேயே இருக்கும். வந்த வேகத்தில் போயும்விடும். அதைப் பெரிய நல்ல குணமாக அவரே பலரிடம் சொல்லிக்கொள்வார். போகிற கோபம் எதையெல்லாம் உடைத்துவிட்டுப் போகிறது என்று மட்டும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

பண்ணையில் செடிகளை இழுத்துப் போக ஒரு ஏடிவி இருந்தது. நாலு தடித்த டயர், பைக் மாதிரி கைப்பிடி, பின்னால் ஒரு சின்ன டிரெய்லர். சேற்றில் இறங்கினாலும் சிணுங்காத வண்டி. அதை ஓட்டியவன் அவர் மனைவியின் தம்பி. கல்யாணமான புதிதில் அக்காவோடு வந்த பையன், அங்கேயே வளர்ந்து வேலைக்கும் நின்றுவிட்டான். வேலையில் குறை சொல்ல முடியாது. பேச்சுதான் மெதுவாக வரும். அவன் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவசரம் இரண்டு முடிவுகள் எடுத்திருப்பார்.

ஒருநாள் சாயங்காலம் கொட்டகையில் விளக்கு எரியவில்லை. அவன் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், அதன் முன்விளக்கு வெளிச்சத்தில் ஆட்களோடு கன்றுகளை இறக்கிக்கொண்டிருந்தான். இருட்ட இருட்ட, என்ஜினிலிருந்து கிளம்பும் சைலன்சர் குழாய் அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து தெரிந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே நுழைந்தார்.

"டேய், என்னடா இது? குழாய் பழுத்துக் கிடக்கு. ஆயில் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன் மாமா. ரொம்ப நேரமா நின்ன இடத்துலயே..."

"நின்ன இடத்துல இரும்பு எதுக்குடா சிவக்குது? என்ஜினையே தீர்த்துட்டு நிக்கிற. சொந்தக் காசுல வாங்கியிருந்தா இப்படி வச்சிருப்பியா? தண்டச்சோறு."

ஆட்கள் குனிந்து தொட்டிகளைப் பார்த்தார்கள். அவன் என்ஜினை அணைத்தான். மிச்சமிருந்த கன்றுகளை இருட்டிலேயே இறக்கி வைத்தான். பிறகு வீட்டுக்குப் போய்த் துணிமணிகளை எடுத்துக்கொண்டான். அக்கா வழியை மறித்து அழுதாள். "உன்மேல எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

"ரெண்டு நாள்ல தானா வந்துடுவான்" என்றார் முதலாளி. அவன் வரவில்லை. மனைவி சண்டை போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வேளாவேளைக்குச் சமைத்தாள், பரிமாறினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத் தம்பி வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகிறான் என்பது அவருக்குத் தெரியும். கேட்கத்தான் வாய் வரவில்லை.

மழைக்காலம் கழிந்து ஒருநாள் பொழுது சாயும் நேரம், பண்ணைக் கோடியில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது. முதலாளியே வண்டியை எடுத்துப் போனார். அதை ஓடவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் குழாயை ஒட்டி முடித்து நிமிர்ந்தால், சைலன்சர் செக்கச்செவேலென்று இருந்தது. தூக்கிவாரிப் போட்டது. காலையில் ஆயில் பார்த்தது அவர்தான். ஓட்டி வந்ததும் அவர்தான். திட்டுவதற்கு ஆள் இல்லை. படபடப்போடு ஏறி ஓட்டினார். காற்றுப் பட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள் குழாய் பழையபடி கறுத்துவிட்டது. வண்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவன் முடிக்காமல் விட்ட வாக்கியத்தின் மிச்சம் இதுதான் என்று அவருக்குப் புரிந்தது.

மறுநாள் காலையில் மைத்துனன் வேலை செய்யும் மரச்சாமான் கிடங்குக்குப் போனார். அவன் லாரியில் பீரோ ஏற்றிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான்.

"தப்பு என்மேலதான் மாப்ள" என்றார். "நேத்து நான் ஓட்டினப்பவும் சிவந்துச்சு. நின்னபடியே ஓடவிட்டா அப்படித்தான் போல, கிளம்பினா அடங்கிடுது. உன்மேல ஒரு தப்பும் இல்ல. வாடா, வீட்டுக்குப் போகலாம்."

அவன் கீழே கிடந்த கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

"சரி மாமா. நிஜமாவே நான் கவனிக்காம விட்டு அந்த என்ஜின் எரிஞ்சே போயிருந்துதுன்னு வச்சுக்குங்க. இன்னைக்கு வந்திருப்பீங்களா?"

குறுக்கே பேசாமல் அவனை முழுதாகச் சொல்லவிட்டது அதுதான் முதல் தடவை. வந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தார்; அது உண்மையில்லை என்று அவருக்கே தெரிந்தது. அவன் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருந்தான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், அக்காவின் முட்டிவலி எப்படி என்று விசாரித்தான். லாரிக்காரர் கூப்பிடவும் போய்விட்டான்.

வீட்டில் மனைவி காத்திருந்தாள். அவர் மட்டும் தனியாக வந்ததைப் பார்த்து, "என்ன சொன்னான்?" என்றாள். வழக்கமாக எதற்கும் தன் பக்க நியாயத்தைச் சேர்த்துச் சொல்லும் மனிதர், அன்றைக்கு அவன் கேட்டதைக் கேட்டபடியே சொன்னார்.

"வந்திருப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பான்" என்றார் அவர். "அதான் சொல்லல."