சும்மா விளையும் தோட்டம்

மண்ணைக் கிளறுவது மண்ணுக்குச் செய்கிற துரோகம் என்று மூடாக்கு சார் கண்டுபிடித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த காலம் முழுக்க அவர் எதையும் கிளறியதில்லை, கோப்புகளைக்கூட. ஆகவே கொள்கைதான் புதிது, பயிற்சி பழையது.

கொள்கை இவ்வளவுதான். கொத்த வேண்டாம், உழ வேண்டாம், களை பறிக்க வேண்டாம். தரையில் அட்டையைப் பரப்பி, நனைத்து, அதன்மேல் சருகும் வைக்கோலும் ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு மூடிவிட வேண்டும். இந்தப் போர்வைக்குத்தான் மூடாக்கு என்று பெயர். அடியில் களை மூச்சுமுட்டிச் சாகும், மண்புழு உழுது கொடுக்கும், ஈரம் நிற்கும். தோட்டக்காரன் நாற்காலியில் சாய்ந்து தக்காளி சிவக்கும் வரை காத்திருந்தால் போதும். சார் காத்திருந்தார். அதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை.

அட்டை தானாக நடந்து வராது என்பது மட்டும் அவருடைய சொற்பொழிவுகளில் இடம்பெறவில்லை. கடை கடையாக நின்று பெட்டி கேட்டு வாங்கியது அவர் மனைவி. பெட்டிகளில் ஒட்டியிருந்த டேப்பை நகம் போக உரித்ததும், தெருச் சருகைக் கூட்டி மூட்டை கட்டியதும், வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து அட்டையை நனைத்ததும் அவர்தான். அந்த அம்மாளுக்கு இடுப்பில் ஓர் எலும்பு இடம் மாறியிருந்தது. கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அதனாலதானே இந்த முறைக்கே வந்தேன். இவளுக்குக் குனிஞ்சு கொத்துற வேலை மிச்சம்" என்று சார் வருகிறவர்களிடமெல்லாம் மனைவியைக் காட்டிச் சொல்வார்.

பக்கத்து வீட்டுத் தையல்காரி மதில்மேல் முகவாயை வைத்துக்கொண்டு கேட்பாள்.

"என்னக்கா, சும்மா விளையிற தோட்டத்துக்கு இன்னைக்கு எத்தனை மூட்டை?"

"சும்மா இருக்கிறது அவர்டி. தோட்டம் எங்க சும்மா இருக்கு?"

"நீ ஒரு நாள் சும்மா இருந்து பாரேன். ரெண்டு பேர் பவிசும் தெரிஞ்சுடும்."

அந்த அம்மாள் சும்மா இருக்கப்போகிற நாள் ஒன்று வந்துகொண்டிருந்தது. வெளியூரில் இருந்த மகளுக்கு மாதம் நிறைந்திருந்தது. முதல் கரு கலைந்தபோது அவர் மகளின் பக்கத்தில் இல்லை. அப்போது இங்கே நாற்று நடும் நேரம், சாருக்குத் தனியாக முடியாது. மகள் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. போனில், "இந்தத் தடவையாவது கூட இரும்மா" என்று மட்டும் கேட்டாள். அம்மாள் வியாழக்கிழமை ரயிலுக்குச் சீட்டு வாங்கிவிட்டார். பழைய புடவைகளைக் கிழித்துத் தையல்காரி குழந்தைக்குத் துணி தைத்து, பைக்குள் அடுக்கியும் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை தோட்டத்தைப் பார்க்க இயற்கை வேளாண் ஆர்வலர் மன்றம் வருவதாக இருந்தது. சார் தைரியமாகவே இருந்தார். ஒன்றும் செய்யத் தேவையில்லாத தோட்டத்துக்கு ஆள் எதற்கு?

புதன்கிழமை காலை காப்பித் தம்ளரோடு பின்வாசலைத் திறந்தவர் திறந்த வாய் மூடவில்லை. ஒரு வார மழையில் பாத்தியெங்கும் பச்சைப்பசேலென்று புல் முளைத்திருந்தது. தக்காளிச் செடிகள் அதற்குள் கணுக்காலளவு நின்று விழித்தன.

"என்னம்மா இது?"

"புல்லு."

"புல்லுன்னு எனக்குத் தெரியாதா? எப்படி வந்துச்சு?"

"நீங்க வாங்கிட்டு வந்த கட்டுலேர்ந்துதான்."

தோட்டத்துக்காக அவர் நேரில் போய்ச் செய்த ஒரே வேலை அந்த வைக்கோல் கட்டுகளை வாங்கியது. இது வைக்கோல் இல்லை, மாட்டுக்குப் போடுகிற காய்ந்த புல், விதையோடு இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். "தீவனம்னா இன்னும் சத்துதானே" என்று சார் அவருக்கே பாடம் எடுத்துவிட்டு வந்திருந்தார்.

"பறிச்சுடட்டுமா?" என்றார் மனைவி.

"பறிக்கிறதா! களை பறிக்காத தோட்டம்னு வாசல்ல போர்டே வச்சிருக்கேன். எவனாவது பார்த்தா மானம் போயிடும். மேல இன்னொரு அடுக்கு போட்டு மூடிடு."

"நாளைக்கு எனக்கு ரயிலுங்க."

"நாளைக்குத்தானே? இன்னைக்கு முழுசா இருக்கே. வேலையா என்ன? மூடறதுதானே."

மூடத்தான் போனார். ஃப்ரிட்ஜ் வந்த பெட்டிகளை மின்சாமான் கடையிலிருந்து இழுத்து வந்து பிரித்துப் பரப்பினார். மதியத்துக்குள் பாதித் தோட்டம் மூடியாயிற்று. மழையில் ஊறிய சருகு மூட்டை கல்லாகக் கனத்தது. அதை இடுப்பில் வைத்து ஏற்றியபோது உள்ளே ஏதோ வழுக்கியது. மூட்டையோடு அப்படியே உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. தையல்காரிதான் மதிலேறிக் குதித்து வந்து அவரைக் கட்டிலில் சேர்த்தாள். டாக்டர் வந்து பார்த்து, கக்கூசுக்குப் போகவே ஆள் பிடிக்க வேண்டும், ரயிலைப் பற்றி நினைக்கவே கூடாது என்றார்.

"மீதிப் பாதியை என்ன செய்யறது?" என்று சார் கலங்கினார். டாக்டர் அதற்கு மருந்து எழுதவில்லை.

"கொள்கைப்படி சும்மா இருங்க சார், தானா மூடிக்கும்" என்றாள் தையல்காரி.

ஆச்சரியம், அவர் அந்த யோசனையை எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓர் அட்டைத் துண்டில் பெரிய எழுத்தில் 'உயிர் மூடாக்கு' என்று எழுதி, புல் முளைத்த பாதியில் நட்டுவைத்தார்.

சனிக்கிழமை ஜன்னல் வழியாக எல்லாம் கட்டிலுக்குக் கேட்டது.

"இது களை இல்லையா சார்?" மன்றத் தலைவரின் குரல்.

"களைங்கறது பார்க்கிறவன் கண்ணுல இருக்கு. அந்தப் பக்கம் செத்த மூடாக்கு, இந்தப் பக்கம் உயிர் மூடாக்கு. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் பாதிப் பாதியா விட்டிருக்கேன்."

கை தட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி மட்டுமே தனியாகப் பேச வேண்டும் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். புல்லை அப்படியே விட்டிருந்தால் போதும் என்று கட்டிலில் கிடந்தவருக்கு அப்போதுதான் தெரிந்தது. போர்டு ஒன்று எழுதினால் தீர்ந்திருக்கிற வேலைக்குத்தான் அவருடைய இடுப்பு போயிருந்தது.

மன்றத்துப் பெண்மணி ஒருவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"குடுத்து வச்சவங்கம்மா நீங்க. தோட்டம் தானா விளையுது, ஹாயா படுத்திருக்கீங்க. எங்க வீட்டுலயும் இருக்கே ஒண்ணு, துரும்பைக் கிள்ளிப் போடாது."

"அவங்களுக்கு இடுப்பு வலி. அதனாலதான் இந்த முறைக்கே வந்தேன்" என்றார் பின்னால் நின்ற சார்.

அவர்கள் ஆளுக்கொரு பை தக்காளியோடு போன பிறகு மகள் போனில் பேசினாள்.

"அம்மா, பொண்ணும்மா."

"நல்லா இருக்கியாடி? ரொம்பக் கஷ்டப்பட்டியா?"

"ஆமாம்மா, ஒரு கட்டத்துல பயந்துட்டேன். அத்தைதான் கையை விடாம பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க."

மாமியார் குழந்தையைக் கொஞ்சுவது போனில் கேட்டது. அம்மாள் தலையணையில் கையூன்றி எழப் பார்த்தார், முடியவில்லை.

"எனக்கு இடுப்புல..." என்று தொடங்கினார்.

"தெரியும்மா, அப்பா சொன்னாரு. தோட்டத்துல விழாவாமே? நீ இல்லாம அங்க ஒண்ணும் நடக்காதுன்னாரு."

"விழாவெல்லாம் இல்லடி. மூட்டை தூக்கி..."

"பரவாயில்லம்மா. நான் ஒண்ணும் நினைக்கல." குரலில் கோபம்கூட இல்லை. "குழந்தை அழறா, வச்சுடட்டுமா?"

எப்போது வருவாய் என்று கேட்பாள் என அம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். மகள் கேட்கவில்லை.