கடைசி பஸ்ஸில் வந்த சிவப்புப் பயணிகள்

விவாகரத்தில் எம்மெட் வீட்டையும் லாரியையும் எடுத்துக்கொண்டான். ரோவீனா ஒரு தொட்டிச் செடியை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு ரெட்வே ஊர்க் கடைத்தெருவே எம்மெட்டின் சாமர்த்தியத்தை மெச்சியது. அவனும் மெச்சிக்கொண்டான். அடுத்த மழைக்காலத்தில் ஈல் ஆற்றங்கரைச் சேற்றில் லாரி கியர்பாக்ஸைக் கக்கியது. வீட்டுக் கூரை ஒழுகியது. செடி மட்டும் பெற்றுத் தள்ளிக்கொண்டே இருந்தது.

அது கஞ்சாத் தாய்ச்செடி. பெயர் 'கடைசி பஸ்'. அதன் கிளையை நறுக்கி நட்டால் வருவது பிள்ளையல்ல, அதே செடிதான். அதே மணம், அதே குணம். ஹம்போல்ட் மலைகளில் எத்தனையோ ரகம் உண்டு. ஆனால் மழை நனைத்த செம்மரப் பட்டையும் ஆரஞ்சுத் தோலும் கலந்த இந்த வாசனை உலகத்தில் வேறெங்கும் இல்லை. இல்லாததற்குக் காரணம் ரோவீனாதான். அந்தப் பக்கத்தில் நல்ல ரகம் வைத்திருப்பவர்கள் அக்கம்பக்கத்தாருக்கு ஒரு கிளை கொடுத்து வைப்பார்கள். தன்னுடையது செத்தால் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு. ரோவீனா ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ஊரில் ஒருத்தியிடம் மட்டும் இருக்கும் சரக்குக்கு அவள் சொன்னதுதான் விலை. அந்தச் சுகம் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

மரம் அறுக்கும் மில்லின் பழைய கொட்டகைக்குள் அவள் தோட்டம். சுவரில் கஞ்சா வளர்க்க மாநில அரசு கொடுத்த லைசென்ஸ். அதற்குக் கீழே துவைத்த துணிகள், ஒரு பெஞ்சு, ஒரு ஷவர். பூச்சி ஒட்டிக்கொண்டு வந்துவிடக்கூடாதென்று, வெளியிலிருந்து வருபவர் யாராயிருந்தாலும் குளித்து, உடை மாற்றித்தான் உள்ளே போகவேண்டும். ஆய்வுக்கு வந்த அதிகாரியையே குளிக்க வைத்தவள் அவள்.

உள்ளே வெயில் விளக்குகளுடையது, காற்று விசிறிகளுடையது. மண் மட்டும் யாருடையது என்று சொல்லமுடியாது. மரப்பலகை அடித்த பெரிய பாத்திகள். அறுவடை முடிந்தால் மற்றவர்கள் மண்ணைக் கொட்டிவிட்டுப் புதிது வாங்குவார்கள். ரோவீனா ஒரு பிடிகூட வெளியேற்றியதில்லை. செடியை அடியோடு அறுத்து, வேரை உள்ளேயே விட்டு, மேலே வைக்கோல் போர்த்தி விடுவாள். பிறகு வைக்கோலைத் தூக்கிப் பார்த்தால் புழுக்கள் மினுமினுவென்று நெளியும். செத்த வேரைச் சுற்றி பூஞ்சையின் வெள்ளை நூல்கள் படர்ந்திருக்கும். அந்த நூல்களுக்குள்ளே புதுவேர் நுழைந்திருக்கும். பலகைக்குள் ஒரு காடு தன் பாட்டில் நடந்துகொண்டிருந்தது. அவள் தண்ணீர் ஊற்றினாள், அவ்வளவுதான். சில நாள் அதன் முன்னே குந்தி உட்கார்ந்து வந்த வேலையை மறந்துவிடுவாள்.

இதையெல்லாம் துளியும் நம்பாதவன் டெல்பர்ட். ஊரில் உரக்கடை வைத்திருப்பவன், பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதன். கலர் கலராகப் பாட்டிலில் உரம் விற்றே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவன்.

"புழுவை நம்பித் தொழில் பண்றவ ஊர்லயே நீ ஒருத்திதான் ரோவீனா. புழுவுக்குச் சம்பளம் என்ன?"

"உன் கடைக்கு வராம இருக்கேன்ல, அதான் சம்பளம்."

அந்த அக்டோபரில் ஒருநாள் அவள் வெளியே பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தாள். கொட்டகை விசிறி நின்றுவிட்டதாகப் போன் அலறியது. விசிறி நின்றால் உள்ளே வெக்கை ஏறிச் செடி துவண்டுவிடும். கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். பீன்ஸ் கொடியில் உரசிய அதே சட்டையோடு, குளிக்காமல், நேராக உள்ளே. விசிறியைச் சரிசெய்துவிட்டுத்தான் தன் கையைப் பார்த்தாள். முழங்கையில் ஒரு பீன்ஸ் இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரியைக் குளிக்க வைத்தவள்!

சில வாரங்களில் தாய்ச்செடியின் இலைகளில் ஊசி குத்தியதுபோல வெளிர்ப்புள்ளிகள் வந்தன. லென்ஸை வைத்துப் பார்த்தாள். சிலந்திப்பேன். பச்சை உடம்பு, முதுகில் இரண்டு கரும்புள்ளி, மெத்தனமாக ஊர்ந்து சாறு குடிக்கிற கும்பல். அறுவடை அப்போதுதான் முடிந்திருந்ததால் பாத்திகள் காலி. தாய்ச்செடி ஒன்றுதான் மிச்சம். கிளை நறுக்கி வைக்கலாமென்றால் கிளையோடு பேனும் வரும். வெளியே போய் வாங்கலாமென்றால் வெளியே யாரிடமும் இல்லை. இந்தச் செடி போனால் கடைசி பஸ் போனதுதான்.

செய்தி எப்படியோ காதில் ஏறி டெல்பர்ட் வந்தான். குளித்து, அவள் கொடுத்த பூப்போட்ட பைஜாமாவை மாட்டிக்கொண்டு, கையில் பூச்சிமருந்துப் பாட்டிலோடு.

"ஒரே ஒரு அடி. மறுநாள் ஒரு பேன் மூச்சு விடாது."

"என் மண்ணும் விடாது. அப்புறம் அந்த விஷம் நறுக்கற கிளையில எல்லாம் ஏறும். சரக்கைச் சோதிக்கிற லேப்ல மாட்டிக்கும்."

"செத்த செடிக்கு லேப்ல பாஸ் மார்க் போடுவானா?"

அவள் பாட்டிலை வாங்கவில்லை. ஏற்கெனவே வேறொன்றுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். பேனைத் தின்னும் வேட்டைப்பேன். கூரியர் வேன் எங்கேயோ வெயிலில் நின்று, பார்சல் தாமதமாகத்தான் வந்தது. டப்பாவைத் திறந்தால் உள்ளே மரத்தூள். அதில் மிளகாய்ப்பொடி சிந்தியதுபோல ஏதோ சிவப்பு. ஒன்றும் அசையவில்லை.

டெல்பர்ட் எட்டிப் பார்த்தான். "நான் இத்தனை வருஷம் தண்ணியில கலர் கலந்து வித்தேன்னு ஊர் பேசுது. இவன் மரத்தூளையே வித்துட்டானே! இவன் அட்ரஸ் குடு, கால்ல விழணும்."

அவள் சிரிக்கவில்லை. மரத்தூளை இலைமேல் தூவினாள். காற்றில் ஈரம் கூட்டினாள். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. கை நிறைய வேலை இருந்தே பழகியவளுக்கு அந்தச் சும்மா இருத்தல் பல்வலிபோல இருந்தது.

அடுத்த வாரம் இலையைத் திருப்பினாள். வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. இலையடி முழுக்கச் சிவப்பு.

தொழில் தெரியாதவளாக இருந்தால் லென்ஸை எடுத்திருப்பாள். அவளுக்குத் தொழில் தெரியும். இலையுதிர்காலத்தில் சிலந்திப்பேன் சிவப்பாக மாறும். மாறிவிட்டால் எதற்கும் சாகாமல் சுவரிடுக்கில் போய் உறங்கி, அடுத்த வருஷம் அறையையே தின்னும். பச்சைப் பேனோடு போராடலாம். சிவப்பு வந்துவிட்டால் ஒரே வழி நெருப்பு.

டெல்பர்ட்டைக் கூப்பிட்டாள். தொட்டி கனம், தனியாகத் தூக்க முடியாது. முதல் மழை பெய்து, கோடைக்கால நெருப்புத் தடை நீங்கிவிட்ட நேரம். முற்றத்தில் எரிக்கும் தகரப் பீப்பாய் தயாராக இருந்தது. இந்தத் தடவை அவன் பாட்டில் கொண்டு வரவில்லை. கேலியும் கொண்டு வரவில்லை. ஆளுக்கு ஒரு காதைப் பிடித்துத் தொட்டியைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"எம்மெட்டுக்குச் சொல்லணுமா?" என்றான்.

"லாரி செத்தப்ப எனக்கா சொன்னான்?"

அவள் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தாள். அவன் பொழுதுபோகாமல் ஓர் இலையைக் கிள்ளி, அவள் கழுத்தில் தொங்கிய லென்ஸை இழுத்து வைத்துப் பார்த்தான். கடைக்காரன் கண். சரக்கைக் கையில் வாங்கினால் புரட்டிப் பார்க்காமல் விடாது.

"இதுங்க ஏன் இப்பிடி ஓடுது?"

"எது?"

"பேன்தான். சந்தையில பர்ஸைத் தொலைச்சவன் மாதிரி அங்கயும் இங்கயும் ஓடுது. அன்னிக்கு நீ காட்டினது தின்னுட்டு மப்புல கிடந்துச்சே?"

ரோவீனா லென்ஸைப் பிடுங்கினாள்.

சிலந்திப்பேன் ஓடாது. ஓடவேண்டிய அவசியம் அதற்கில்லை. சாப்பாட்டின்மேலேயே வீடு கட்டிக்கொண்ட ஜாதி அது. இவை ஓடின. நீண்ட கால்கள், முதுகில் புள்ளி இல்லை, கண்ணாடிச் சிமிழில் செந்தேன் ஊற்றியதுபோல உடம்பு. ஒன்று நரம்போரமாக விரைந்து வந்து நின்றது. முன்காலால் எதிரே தடவியது. அங்கே கிடந்த இரட்டைப்புள்ளிக்காரனைப் பிடித்தது. ஒரு சத்தமில்லை. புள்ளிக்காரன் மெல்ல மெல்ல வெளுத்து, வெறும் தோலானான். மற்றது வாயைத் துடைத்துக்கொள்ளக்கூட நிற்காமல் ஓடியது. சுற்றிலும் அப்படி எத்தனையோ வெற்றுத் தோல்கள், திருவிழா முடிந்த மைதானத்துக் காகிதம்போல. நடுவே முட்டைகள், ஒவ்வொன்றும் ஒளி ஊடுருவும் சிறு முத்து. ஒரு முட்டை அவள் பார்க்கப் பார்க்கவே உடைந்தது. உள்ளிருந்து வந்தது கால்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கியது.

செத்த மரத்தூள் என்று நினைத்ததிலிருந்து, விரல்நகம் அளவு இலையில், இத்தனையும் அவளைக் கேட்காமல் நடந்திருந்தது.

அவள் செடியின் உச்சியைப் பார்த்தாள். கீழே பழைய இலைகள் புள்ளி விழுந்து கிடந்தன. நுனியில் இரண்டு புதுக்கொழுந்துகள், ஒரு கறை இல்லாமல், விரிந்துகொண்டிருந்தன.

"என்ன ஆச்சு? பேசித் தொலையேன்," என்றான் டெல்பர்ட்.

அவள் லென்ஸை அவன் கண்ணில் வைத்து, தலையைப் பிடித்துத் திருப்பினாள். அவன் நெடுநேரம் குனிந்திருந்தான். நிமிர்ந்தபோது விற்பனைக் குரல் போய்விட்டிருந்தது.

"கடவுளே," என்றான் மெதுவாக. "இதை எந்த பாட்டில்ல அடைக்கிறது?"

தொட்டி உள்ளே போனது. சில நாளில் அறையில் ஒரு சிலந்திப்பேன்கூட மிச்சமில்லை. ஆனால் வென்றவர்களுக்கு இனி இரை இல்லை. சிவப்புக்காரர்கள் காலி இலைகளில் தேடித் தேடி அலைவதை ரோவீனா லென்ஸில் பார்த்தாள். அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

டெல்பர்ட் வந்தபோது அவள் மூன்று கிளைகள் நறுக்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"ஒண்ணு உனக்கு. ரெண்டு யாருக்கு வேணும்னாலும் குடு."

"எனக்கா? எவ்வளவு?"

"சும்மாத்தான்டா, எடுத்துட்டுப் போ."

அவன் துணியைப் பிரித்து, மூடி, மறுபடி பிரித்தான். "சும்மான்னா பயமா இருக்கு. உள்ள என்ன பழுது?"

"பழுது நான்தான். கையில வெச்சுக்கிட்டு அலையாம வீட்ல போய் நடு."

பிறகு சிவப்புக்காரர்கள் நிறைந்திருந்த கீழிலைகளை ஒரு தட்டில் கிள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பீன்ஸ் கொடியில் வெளிர்ப்புள்ளிகள் இன்னும் அப்படியே இருந்தன. அவள் சட்டையேறி உள்ளே வந்த அதே கும்பல். இலைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் செருகினாள்.

"என்ன பண்ற?" என்று வாசலிலிருந்து கத்தினான் டெல்பர்ட்.

"சாப்பாடு போடறேன்."

லென்ஸைக் கண்ணில் வைத்தாள். முதலாவது சிவப்புக்காரன் கஞ்சா இலையின் விளிம்புக்கு வந்து நின்றான். முன்காலால் காற்றைத் தடவிப் பார்த்தான். பீன்ஸ் இலையில் கால் வைத்தான். பிறகு ஓடினான்.