நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்

மனிதர்கள் கம்ப்யூட்டரை வைத்திருக்கிற லட்சணத்தைப் பார்த்தால், நல்லவேளை அதற்கு வாய் இல்லை என்று தூசியக்காவுக்குத் தோன்றும். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் என்னதான் கொட்டாது! பிஸ்கட் தூள், நகத் துண்டு, முடிச் சுருள், காய்ந்துபோன சோற்றுப் பருக்கை. ஒருமுறை யாருடைய வாயிலிருந்தோ உடைந்த அரைப் பல்கூட விழுந்தது. டை கட்டிக்கொண்டு, சென்ட் அடித்துக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்த மகராசன் ஒருவன், மூக்கில் நோண்டியதை மானிட்டருக்குப் பின்புறம் வரிசையாக ஒட்டி வைத்திருந்தான். வருஷக்கணக்கில் சேர்த்த சொத்து. அதைக் கத்தியால் சுரண்டிய அன்று அவளுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

அச்சகத்துக்குப் பின்னால் இருந்த நீளமான அறைதான் அவளுடைய பட்டறை. ஆபீஸ்கள் கழித்துப் போட்ட டெஸ்க்டாப்புகளை வாங்கிவந்து, மூன்று செத்ததிலிருந்து ஒரு உயிரை எடுப்பாள். ஒன்றின் போர்டு, இன்னொன்றின் மெமரி, வேறொன்றின் டிஸ்க். தலைமுடியில் எந்நேரமும் சாம்பல் நிறத் தூசி படிந்திருப்பதால் அச்சகத்துக்காரர்கள் வைத்த பெயர்தான் தூசியக்கா, அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. அவளுடைய வீட்டுக்காரர் வண்டி பிடிப்பார், ஒயர் சுற்றுவார், வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவார். முடிந்த வேலையைப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுவதும் அவர்தான்.

இந்த முறை வந்தவை முப்பத்து நான்கு. ஒரு பெரிய கம்பெனி தன் பின்பக்க மாடிப்படிக்குக் கீழே இரண்டு மழைக்காலம் போட்டு வைத்திருந்த பெட்டிகள். பழைய சாமான்காரர் லாரியிலிருந்து இறக்கும்போதே மூக்கைத் துண்டால் கட்டியிருந்தார்.

"குப்பைமேட்டுக்குப் போறதுதான். உனக்கு வேணும்னா எடுத்துக்கம்மா. திருப்பி மட்டும் கொடுத்துடாத."

முதல் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. உள்ளே எலிக் குடும்பம் ஒன்று வாழ்ந்து முடித்திருந்தது. சம்பளச் சீட்டுகளைப் பொடிப்பொடியாகக் கடித்துப் பிராசஸர் மேலேயே மெத்தை போட்டு, குட்டி ஈன்று, அதில் இரண்டு செத்தும் போயிருந்தன. போர்டு முழுக்க மஞ்சளாக எலி மூத்திரம் காய்ந்து பிசுபிசுத்தது. பவர் சப்ளைக்குள்ளே கரப்பான் முட்டைகள். மூடியை மறுபடி போட்டுவிட்டு வெளியே போய் நின்றாள். மூன்று நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து பிரஷ்ஷை எடுத்தாள். அவளுடைய குணமே அப்படி. அருவருப்பு ஒரு பக்கம், உள்ளே ஏதாவது ஒன்று பிழைக்குமா என்ற நப்பாசை ஒரு பக்கம். எப்போதும் நப்பாசைதான் ஜெயிக்கும்.

இரண்டு மாதம் அந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்தினாள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள், உப்பிப்போன கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் புதிது வைத்தாள், மெமரியின் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினாள். பெட்டியின் தகர விளிம்பு ஒருநாள் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அடுத்த வாரம் எலிக்காய்ச்சல். கண் மஞ்சளாகி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "எலி இருக்கிற இடத்துல வேலை பாக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது, "பெரிய கம்பெனிங்க, கம்ப்யூட்டர் வேலை" என்று வீட்டுக்காரர் பதில் சொன்னார். காய்ச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

முப்பத்து நான்கிலிருந்து பதினாறு பிழைத்தன. அவை யாருக்கு என்பது முதலிலேயே முடிவானதுதான். துணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரு டீச்சர் சாயங்கால வகுப்பு நடத்திவந்தார். முப்பது பெண்கள். கணினிச் சான்றிதழ் பரீட்சை எழுத வேண்டுமென்றால் வேறு ஊர் மையத்துக்குப் போக வேண்டும். அதற்குத் தொழிற்சாலையில் லீவு தரமாட்டார்கள். ஓடுகிற கம்ப்யூட்டர் பன்னிரண்டு இருந்தால் வகுப்பையே பரீட்சை மையமாக்கித் தருவதாக அதிகாரி சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து எண்ணிப் பார்ப்பார். தவறினால் அடுத்த வருஷம்தான்.

பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பழைய கம்பெனிச் சீட்டைத் தூசியக்கா ஒருபோதும் பிய்க்கமாட்டாள். பிய்த்தால் பசை நிற்கும், பசையில் தூசி பிடிக்கும், பசையை எடுக்கத் தின்னர் போட்டால் பெயிண்ட்டும் கூடவே உரிந்துவரும். தூசிக்கு இடம் கொடுப்பதைவிட எவன் பெயரோ இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவள் கட்சி. பதினாறையும் வகுப்பறையில் வரிசையாக அடுக்கி, திரைகளை எரியவிட்டு, வீட்டுக்காரர் பெருமையாக ஒரு போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் கம்பெனிப் பெயரும் நம்பரும் பட்டவர்த்தனமாகத் தெரிந்தன.

போட்டோ கம்பெனி வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது; செவ்வாய்க்கிழமை அதன் மேனேஜர் பட்டறைக்கே வந்து நின்றார். மணக்க மணக்க வந்தார். ஸ்டூலைக் காட்டியதும் பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். மேஜையில் கிடந்த மவுஸை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது மாதிரித் தூக்கி நகர்த்தி வைத்தார்.

"அந்தப் பதினாறும் எங்க கணக்குல இன்னும் உயிரோடதாம்மா இருக்கு. கழிச்சுக்கட்டின கையெழுத்து ஆகலை. லாரிக்காரன் எப்படித் தூக்கிட்டு வந்தான்னு தெரியலை. சட்டப்படி பார்த்தா நாங்க திருப்பி எடுத்துக்கணும்."

"எலி மூத்திரத்துல ஊறிக்கிட்டு இருந்தப்ப உங்க சட்டம் எங்க சார் போயிருந்துச்சு?" என்றாள் அவள்.

வீட்டுக்காரர் பதறிப்போய், "அவ சும்மா சொல்றா சார், நீங்க டீ சாப்பிடுங்க" என்றார். அவள் அவரை முறைத்த முறைப்பில் டீ சொல்லப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மேனேஜர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குப் பிடித்திருக்கும். அவர் சிரித்தார். "நாம சண்டை போட வேண்டாமே. பொண்ணுங்க படிக்கட்டும். எங்க கம்பெனியும் வருஷா வருஷம் ஏதாவது நல்ல காரியம் பண்ணி அறிக்கை கொடுக்கணும். நாங்களே கொடுத்ததா இருக்கட்டும். நீங்க ஒரே ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்."

கையோடு அடித்துக்கொண்டு வந்திருந்த கடிதத்தை நீட்டினார். அவள் படித்தாள். 'நிறுவனம் அன்பளிப்பாக வழங்கிய பதினாறு கணினிகளைத் தூய்மையான, இயங்கக்கூடிய, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். மேல்தூசி துடைத்ததைத் தவிர வேறெந்தப் பணியும் தேவைப்படவில்லை.'

மேல்தூசி. எலிக்குட்டிகளை இடுக்கியால் எடுத்ததும், ஆஸ்பத்திரியில் பித்தமாக வாந்தி எடுத்ததும் இந்த ஆளுக்கு மேல்தூசி. கடிதத்தைத் தொட்ட விரலைத் தன்னையறியாமல் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"போட முடியாது" என்றாள்.

"யோசிங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. இல்லைன்னா வியாழக்கிழமை காலையில எங்க வண்டி வந்து ஏத்திக்கும்." போகும்போது விரித்த செய்தித்தாளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

அவள் கிளம்பி நேரே வகுப்புக்குப் போனாள். டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே துடைத்தார்.

"அவனுக்கு எதுக்கு டீச்சர் கொடுக்கணும்? எல்லாத்தையும் கழட்டி, எப்படி வந்துச்சோ அப்படியே ஆக்கி, அவன் வாசல்ல கொட்டிட்டு வந்துடறேன். உள்ள போட்டது பாதி என் சாமான். உருவிட்டா வெறும் தகரம்தான். எடுத்துட்டுப் போகட்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்து முதல் பெட்டியைத் திறந்தே விட்டாள். உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஒயர்களை அவளே ஒழுங்காக மடித்துக் கட்டியிருந்தாள். மெமரியின் இரண்டு பக்கக் கொக்கியிலும் கட்டைவிரல்களை வைத்தாள். அழுத்தினால் போதும், தானாக எழும்பி வரும். விரல் அழுத்தவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைத் தன் கையால் சாகடித்துப் பழக்கமில்லை அவளுக்கு. அந்த மேனேஜர் மேல் வந்த வெறுப்பெல்லாம் சேர்ந்து தன் கட்டைவிரல்கள் மேலேயே திரும்பியது.

டீச்சர் டஸ்டரைக் கீழே வைத்தார். அவர் குரல் உயரவில்லை.

"உங்களுக்குக் குமட்டுது, புரியுது. எனக்கும் குமட்டத்தான் செய்யுது. ஆனா இந்தப் பொண்ணுங்க பத்து மணி நேரம் நின்னு வேலை பார்த்துட்டு, காலு வீங்கிப் போய் இங்க வந்து உட்காருதுங்க. அதுங்க கிட்ட போய், தூசியக்காவுக்கு அருவருப்பா இருந்துச்சு, அதனால இந்த வருஷம் பரீட்சை இல்லைன்னு நான் எப்படிச் சொல்லட்டும்? நீங்களே சொல்றீங்களா?"

அவள் மூடியைப் பொருத்தித் திருகினாள். புதன்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போட்டாள். தன் பெயரை எழுதுகிற அந்த மூன்று விநாடியும் மூச்சை அடக்கிக்கொண்டாள், சாக்கடையைத் தாண்டுகிறவள் மாதிரி.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பதினாறும் ஓடின. மையத்துக்கு அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டு, "இவ்வளவு நல்ல சிஸ்டத்தை யாருங்க தூக்கிக் கொடுக்கறாங்க இந்தக் காலத்துல!" என்று வியந்தார். முன்னதாகவே வந்து நின்றிருந்த மேனேஜர் கூச்சப்பட்டார். நிஜமாகவே கூச்சப்பட்டார், அதுதான் சகிக்கவில்லை.

பதினொரு மணிக்குக் கம்பெனி ஏற்பாடு செய்த அன்பளிப்பு விழா. சுவரை மறைத்து ஒரு பேனர். கம்பெனியிலிருந்து ஆறு பேர் ஒரே நிற பனியனில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு புது பிரஷ். துடைத்து வைத்த பெட்டிகளை மறுபடி துடைப்பதுபோல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் மூடியைத் திறக்கத் தெரியாமல் மானிட்டரைப் பிரஷ்ஷால் தடவினான். "அக்கா, நீங்க கொஞ்சம் ஃப்ரேமை விட்டுத் தள்ளி நிக்கறீங்களா?" என்றான் போட்டோக்காரன். தள்ளி நின்றாள். மேனேஜர் மைக்கைப் பிடித்து, எங்கள் ஊழியர்கள் விடுமுறை நாட்களில் கைப்படச் சுத்தம் செய்து கொடுத்தவை இவை என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்காரரும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக் கையைப் பையில் விட்டுக்கொண்டார்.

இரண்டு நாளாக அவள் தூங்கவில்லை. அந்த ஆளிடம் கேட்க வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே இருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி. அனுமதிச் சீட்டு டீச்சர் கைக்கு வந்தாகிவிட்டது. இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. கூட்டம் கலைந்ததும் அவரை வாசற்படியில் பிடித்தாள். யாரிடமோ கைகுலுக்கிவிட்டு, ஈரத் தாளால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம்."

"நானே உங்களைத் தேடிட்டு இருந்தேன்மா" என்றார் அவர், பழைய சிநேகிதர் மாதிரி. "பேஸ்மெண்ட்ல இன்னும் நாப்பது கிடக்கு. போன மழையில தண்ணி உள்ள புகுந்துடுச்சு. கணுக்கால் அளவு நிக்குது. நாத்தம் தாங்கலைன்னு வாட்ச்மேன் புலம்பறான். அடுத்த வாரம் எல்லாத்தையும் குழியில போட்டு மூடச் சொல்லியிருக்காங்க. உங்களுக்கு வேணும்னா, இதே மாதிரி ஒரு ஏற்பாட்டுல..."

தண்ணீருக்குள் நிற்கும் நாற்பது போர்டுகள் அவள் கண்முன் வந்தன. அடுக்கி வைத்திருந்த நாலு கேள்வியும் எங்கே போயினவோ.

"கரெண்ட் கனெக்‌ஷன் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அப்பவே எடுத்தாச்சு."

"எத்தனை நாளா தண்ணியில நிக்குது?"

"பத்து, பன்னெண்டு நாள் இருக்கும்."

"அப்ப மேல அடுக்குல இருக்கிறது பிழைச்சிடும் சார். யாரையும் சுவிட்ச் போட்டுப் பார்க்க விட்டுடாதீங்க. ஷார்ட் ஆகிப் போயிடும். வெயில்லயும் வைக்க வேண்டாம், நிழல்ல காத்தாட நிமித்தி வைக்கச் சொல்லுங்க."

தன் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு வார்த்தையையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எவ்வளவு அக்கறை, எவ்வளவு பணிவு. சீ என்று இருந்தது. இந்த இரண்டு மாதமாக எத்தனையோ கழிசடையைப் பார்த்துக் குமட்டியிருக்கிறாள். இந்த அளவுக்கு ஒன்றும் குமட்டியதில்லை. பக்கத்தில் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

மேனேஜர் ஈரத் தாளைச் சுருட்டிப் படியிலேயே போட்டார். "ரொம்ப சந்தோஷம்மா. கடிதத்தை நாளைக்கே அடிச்சு வெச்சிடறேன். எத்தனைன்னு போட?"

"நாப்பதுன்னே போடுங்க" என்றாள் அவள்.