கம்ப்யூட்டரில் பாகப்பிரிவினை

அப்பா சவரி கண்ணை மூடிய சூட்டோடு என் அண்ணன்கள் இருவரும் கிணறு முதற்கொண்டு எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்க முடியாமல் நின்றது தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றுதான். அங்கே இருந்ததும் ஒரே கம்ப்யூட்டர். அது வந்த நாளிலிருந்து அதில் பாடம் நடத்துகிறவள் நான், லூர்து மேரி. எந்தப் பாகத்திலும் என் பெயர் வரவில்லை.

பெரியவர் பிலவேந்திரனுக்குக் காலை வகுப்பு. பெங்களூரில் யூனிக்ஸ் என்ற இயக்கமுறை படித்தவர்களுக்குத்தான் வேலையாம், அதனால் அவருக்கு அது வேண்டும். சின்னவர் சின்னப்பராஜுக்கு மாலை வகுப்பு. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிற இயக்கமுறையான டாஸை விட்டு அவர் நகர மாட்டார். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரே டிஸ்கை இரண்டாகப் பிரித்து இரண்டையும் ஏற்றலாம் என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார்கள். ஏசி அறைக்கு வெளியே செருப்பைக்கூட வாசலுக்கு ஆளுக்கொரு பக்கமாக விட்டார்கள். பெரியண்ணன் தம்பியோடு நேராகப் பேசுவதில்லை, என்னிடம்தான் சொல்வார்.

"பெரியவன் பிரிக்கணும், சின்னவன் மொதல்ல எடுக்கணும். அதான மொறை? சரிபாதியா போடு."

"முன்பாதி எனக்குன்னு அவருகிட்டச் சொல்லு," என்றார் சின்னண்ணன். கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டுதான் சொன்னார்.

பிரித்தால் டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் பாடங்களை முன்கூட்டியே பிளாப்பி என்ற சிறு தட்டுகளில் எடுத்து வைத்திருந்தேன். முன்பாதியில் டாஸை மறுபடி ஏற்றினேன். பின்பாதிக்கு யூனிக்ஸ். டிரைவ் ஒரு பிளாப்பியைக் கரகரவென்று மென்றுவிட்டு அடுத்ததைக் கேட்டது. கரண்ட் போய்விடக் கூடாதே என்று மாதாவை வேண்டியபடி ஒவ்வொன்றாகப் போட்டேன்.

"இது முடிஞ்சா லூர்து வர வேண்டாம். காலைல எம் மச்சினன் பாத்துக்குவான்," என்றார் பெரியவர்.

"எனக்கும் ஆள் வந்தாச்சு. அவ வூட்டோட இருக்கட்டும்."

அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். கறிவேப்பிலையைக்கூடக் குழம்பு கொதித்த பிறகுதான் எடுத்து எறிவார்கள். இந்த வேலையை விட்டால் அண்ணிகளின் அடுப்படிதான் எனக்கு மிச்சம். அடுத்த பிளாப்பியைப் போட்டேன்.

யூனிக்ஸ் ஏறி முடிந்தது. இனிமேல் சுவிட்சைப் போட்டால் எந்தப் பாதி தானாக எழ வேண்டும் என்று திரை கேட்டது. அதைப் படித்துச் சொன்னேன்.

"பின்பாதிதான். மூத்தவன் நான் இருக்கேன்ல."

"மொதல்ல எடுத்தது நானு," என்று சின்னண்ணன் நேராக அவர் முகத்துக்கே சொன்னார். பெரியவர் அவர் சட்டையைப் பிடித்தார். நாற்காலி சாய்ந்தது. அப்பாவை இழுத்தார்கள், செத்துப்போன அம்மாவையும் விடவில்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எனக்குக் கொண்டாட்டமாக இல்லை, அருவருப்பாகத்தான் இருந்தது. எந்தப் பாதியும் வேண்டாம் என்று பதில் கொடுத்து கம்ப்யூட்டரை அணைத்தேன். பிளாப்பிகளை மொத்தமாகப் பையில் போட்டுக்கொண்டேன்.

சின்னண்ணன் சுவிட்சைப் போட்டார். திரை கறுப்பாகவே இருந்தது.

"என்னாச்சு?"

"ரெண்டும் தானா எந்திரிக்காது. டாஸுக்கு ஒரு பிளாப்பி, யூனிக்ஸுக்கு ஒரு பிளாப்பி. போட்டாத்தான் எந்திரிக்கும்."

"எங்க அது?"

"எம் பையில இருக்குது."

"குடுத்துட்டுப் போ. அது எங்க சொத்து," என்றார் பெரியண்ணன்.

"டிஸ்கைத்தான பிரிச்சீங்க. இதை யாரும் கேக்கலியே. இது எம் பாகம். காலை வகுப்புக்கும் நான்தான் வருவேன், சாயங்காலத்துக்கும் நான்தான் வருவேன்."

அதுவரை ஆளுக்கொரு பக்கம் நின்றவர்கள் சேர்ந்து வந்து வாசலை மறித்தார்கள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தேன்.

"கை வெச்சீங்கன்னா பிளாப்பிய ஒவ்வொண்ணா மடிச்சு ஒடைப்பேன்," என்றேன். பெரியவர் முதலில் விலகினார்.