காக்ஸ் டவுனில் ஒரு கற்காலம்

காக்ஸ் டவுனில் சொந்த வீடும் ஐ.டி. கம்பெனியில் ஹெச்.ஆர். வேலையுமாக இருந்த கிளாரன்ஸுக்குக் கற்காலத்தைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. உர்கா என்ற ஆதிவேடனை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருந்தார். உர்காவுக்கு அகன்ற மார்பு. எந்தக் குளிருக்கும் நடுங்காத உடம்பு. குகையில் பெண்கள் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாவம், அவர்களுக்கு வேறு வேலையில்லை.

"அந்தப் பொம்பளைங்க யாருமே வாயத் தொறக்கலையே?" என்றாள் மனைவி ஜோவிதா.

"அப்போ பாஷையே வரல, ஜோவி."

"உர்கா மட்டும் மூணு பக்கம் பிரசங்கம் பண்றான்?"

கிளாரன்ஸ் அடுத்த பக்கத்தை எழுத ஆரம்பித்தார். மேதைகள் விளக்கம் சொல்வதில்லை.

'இன்னும் கொஞ்சம் நிஜம் வேணும் சார்' என்று பதிப்பகத்து எடிட்டர் வனஜா போனில் சொல்லியிருந்தாள். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு, கிளாரன்ஸ் அரை நிஜாருடன் கொல்லைப்புறத்தில் குந்தி, கல்லோடு கல் தட்டி நெருப்பு உண்டாக்க ஆரம்பித்தார். கட்டைவிரல் நசுங்கியது. நெருப்பு மட்டும் வரவில்லை.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு ஆண்ட்ரூவின் தலை தெரிந்தது. "என்ன மேன், கேஸ் தீந்துபோச்சா? எங்க வீட்ல ஸ்பேர் சிலிண்டர் இருக்கு."

"ரிசர்ச்," என்றார் கிளாரன்ஸ் விறைப்பாக.

சுள்ளி எடுக்கப் பழைய பலகைக் குவியலை இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு பெருச்சாளி பாய்ந்தது. அடுத்த நொடி கிளாரன்ஸ் துணி துவைக்கிற கல்லின் மேல் இருந்தார்; எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. அவர் போட்ட கூச்சலில் ஓடிவந்த ஜோவிதாவும் பெருச்சாளியைப் பார்த்ததும் அதே கல்லில் ஏறிக்கொண்டாள். பெருச்சாளி போவதாக இல்லை. ஆண்ட்ரூ ஒரு தட்டும் கரண்டியுமாக மதில் தாண்டிக் குதித்தார். அவர் தட்ட, ஜோவிதா கத்த, கிளாரன்ஸ் செருப்பை வீச, கடைசியில் அது சாக்கடை வழியாக வெளியேறியது.

ஜோவிதாவின் நகங்கள் இன்னும் கிளாரன்ஸின் கையில் பதிந்திருந்தன. பிறகு மூவருக்கும் சேர்ந்தாற்போல் சிரிப்பு வந்தது. பக்கத்தில் ஆள் இருப்பது இவ்வளவு நிம்மதியா என்று கிளாரன்ஸுக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. ஆதிமனிதர்களும் இப்படித்தான் பிழைத்திருப்பார்கள் என்று தோன்றியது.

"இத அப்படியே எழுதுங்க," என்றாள் ஜோவிதா.

"கண்டிப்பா!"

மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார். பெருச்சாளி கரடியாயிற்று. ஆண்ட்ரூ காணாமல் போனார். ஜோவிதா வீறிட்டு மயங்கி விழுந்தாள். கரடியின் முன் உர்கா தன்னந்தனியாக நின்றான்.

வனஜா படித்துவிட்டு உருகிப்போனாள். "நேர்ல பாத்து எழுதின மாதிரியே இருக்கு சார்!"

ஜோவிதாவும் படித்தாள். நேரே ஆண்ட்ரூ வீட்டுக்குப் போய், கிளாரன்ஸ் எழுதியதை வரி விடாமல் சொன்னாள். அங்கே கிளம்பிய சிரிப்பு மதிலைத் தாண்டி இங்கே வந்தது.

கிளாரன்ஸ் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.