பொண்ணு வீட்டு ஆளுங்க

பையைப் பிரித்ததும் மூத்த மருமகளின் கை அப்படியே நின்றுவிட்டது. நாத்தனார் கல்யாணத்துக்கென்று வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் பச்சைப் பட்டு. அவளுக்கு மட்டும் அரக்கு நிறத்தில் ஒரு நூல் புடவை.

"பச்சை தீந்துபோச்சும்மா," என்றாள் மாமியார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஒரு நாள்தானே, கட்டிக்கயேன்," என்றான்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பரிமாறவும் எச்சில் தட்டு எடுக்கவும் அமர்த்தியிருந்த பெண்கள் எல்லோரும் அதே அரக்குப் புடவையில் நின்றார்கள். அவர்களுக்கு மொத்தமாக எடுத்ததில் ஒன்றை உருவித்தான் மாமியார் அவளுக்குக் கொடுத்திருந்தாள். இப்படிப்பட்ட மண்டபங்களில் தட்டுக் கழுவித்தான் அவளுடைய அம்மா அவளைப் படிக்க வைத்தாள். காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் மாமியார் அதை மறந்ததுமில்லை, மறக்க விட்டதுமில்லை.

பரிமாறும் பெண்களில் மூத்தவள் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். "உங்கம்மாகூட வேலை பாத்திருக்கேன் கண்ணு. நீ ஏன் இந்தப் புடவையில?"

வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. போகவில்லை. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பந்திக்குள் போனாள்.

நிச்சயதார்த்தத்துக்கு மாமியார் அவளைக் கூட்டிப்போகாததால் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அவளைத் தெரியாது. சாப்பிட்டு முடித்துத் தட்டை நீட்டினாள். "இதை எடும்மா. அப்படியே கொஞ்சம் தண்ணி."

இரண்டையும் செய்துவிட்டு, "வேற எதாவது வேணுமா சம்பந்தியம்மா? நான் பொண்ணோட பெரிய அண்ணி," என்றாள்.

அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "எச்சில் தட்டை உன் கையில குடுத்துட்டேனேம்மா. இந்தப் புடவை..."

"எங்க அத்தை எடுத்துக் குடுத்தது."

பந்தி அடங்கிப்போனது. மாமியார் ஓடிவந்து அவளை ஓரமாக இழுத்துப் போனாள். "மானத்தை வாங்கிட்டியேடி. என் பெட்டியில இன்னொரு பச்சை இருக்கு. மாத்திட்டு வா, போட்டோ எடுக்கப் போறாங்க."

"வேண்டாம் அத்தை. இதுவே நல்லாயிருக்கு."

போட்டோவுக்கு அழைத்தபோது அவள் தனியாக மேடையேறவில்லை. பரிமாறிய பெண்களையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். தயங்கியவர்களை, தன் அம்மாவோடு வேலை பார்த்த அந்த மூத்தவளையும் சேர்த்து, மணப்பெண்ணின் பக்கத்திலேயே நிறுத்தினாள்.

"இவங்கல்லாம் யாரு?" என்றான் போட்டோக்காரன்.

"பொண்ணு வீட்டு ஆளுங்க."

மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, இல்லை என்று சொல்ல மாமியாருக்கு நாக்கு எழவில்லை.

"அத்தை, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் மருமகள் சாந்தமாக, அந்த மூத்தவளைக் காட்டி. "எங்க சின்னம்மாவை மறைக்கறீங்க."

மாமியார் தள்ளி நின்றாள்.