கடைமடைக்கு எதிராக ஒரு கை

மண்ணையும் பயிரையும் பற்றி மாதம் தவறாமல் அச்சடித்துக் கொடுத்ததால் ஊரே அவரைப் பத்திரிகைக்காரர் என்றுதான் கூப்பிட்டது. முன்னறையில் அச்சு இயந்திரம், பின்னறையில் குடித்தனம். அவர் எழுதுவார், மனைவி பிழை திருத்திப் பக்கம் கட்டுவாள், மெஷின் ஓட்ட ஒரு அச்சுக்காரர்.

கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை விவசாயிகள்தான் அவரைத் தேர்தலுக்கு இழுத்தார்கள். "நீங்க எழுதுறத நம்பித்தான் விதைக்கிறோம். உங்கள நம்பி ஓட்டுப் போட மாட்டோமா?"

அவர் மறுத்துப் பார்த்தார். மனைவி சிரித்தாள். "சும்மா பிகு பண்ணாதீங்க. ஆசை கண்ணுலயே தெரியுது."

ஒரு கட்சியின் சார்பில் நின்று அமோகமாக ஜெயித்தார்.

மறு வருடமே கால்வாய்த் தண்ணீரில் பாதியைத் தொழிற்சாலைகளுக்குத் திருப்பும் மசோதா சட்டசபைக்கு வந்தது. "இந்த ஒரு தடவை கை தூக்குங்க. அடுத்து விவசாயத் துறையே உங்களுக்குத்தான். அப்புறம் எவ்வளவு வேணாலும் நல்லது பண்ணுங்க" என்றார் கட்சித் தலைவர்.

அவர் கை தூக்கினார்.

அந்த மாத இதழ் அச்சேறும்போது வீட்டுக்கு வந்தார். கடைமடைத் தண்ணீரைப் பறிக்கக் கை தூக்கியவர்களின் பெயர்கள் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தன. முதல் பெயர் அவருடையது.

"இதப் போட்டுத்தான் ஆகணுமா?"

"இதையே வேற ஒருத்தர் பண்ணியிருந்தா நீங்க போட்டிருப்பீங்களா, மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

அச்சுக்காரர் வேலையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். "மெஷினப் போடுப்பா" என்று சொல்லிவிட்டு அவர் வாசலில் போய் நின்றார்.

விவசாயத் துறை வேறு யாருக்கோ போயிற்று. பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வருவது நின்றுபோயிற்று. அவரை முதன்முதலில் தேர்தலுக்கு அழைத்த பெரியவர் நிலத்தை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போகக் கிளம்பினார். வழியனுப்பப் போனவரிடம், "வெயில்ல நிக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டி ஏறினார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது.

அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வினார். பத்திரிகை நிற்கவில்லை, மனைவி நடத்தினாள். அவர் அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. விலாசம் ஒட்டுவார், இதழ்களைக் கயிறு போட்டுக் கட்டுவார்.

ஒருநாள் கட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னார்: "அன்னைக்கு நீ அதப் போட்டது தப்புன்னு நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"சொன்னதில்ல" என்றாள். "கை தூக்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதும் இல்ல."

முடிச்சு விழாமல் கயிறு அவர் கையை விட்டு நழுவியது. அவள் குனிந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.